யாகப்பரின் சைபர்

யாகப்பரின் முதுகில் கதிர்வீச்சு பட்டதேயில்லை. இது அரசாங்கக் கடிதத்தில் இரண்டு தடவை உறுதிப்படுத்தப்பட்ட விடயம். அவருடைய முதுகைப் பார்த்தவர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். ஆனால் முதுகில் எந்த அதிகாரியும் கையொப்பமிடவில்லை.

யாகப்பர் தாழ்வுபாட்டுக் கடற்றொழிலாளி. வயது ஐம்பத்தெட்டு. மாசி மாதக் காலையொன்றில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சின் நடுவில் ஒரு பாரம் ஏறி இடது கைவழியே இறங்கியது. கரையிலிருந்து மன்னாருக்கும், மன்னாரிலிருந்து பெருநிலத்து நகரமொன்றின் பெரியாஸ்பத்திரிக்கும் அவரைக் கொண்டுபோனார்கள். அந்த நகரத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்தவர்கள் எல்லோரும் இன்னும் பதவியில் இருக்கிறார்கள்.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு அடைபட்டிருந்தன. மணிக்கட்டு வழியாக மெல்லிய வயர் ஒன்றை நெஞ்சுவரை செலுத்தி, எக்ஸ்றே திரையில் அதைப் பார்த்துப் பார்த்து நகர்த்தி, அடைப்பில் ஸ்ரென்ற் என்ற சின்ன உலோகச் சுருளை வைக்கவேண்டும். ஒரே நாளில் இரண்டையும் செய்தால் உடம்பில் எக்ஸ்றே கூடிப்போகும், ஒன்றை இப்போது செய்வோம், மற்றதை ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கழித்துச் செய்வோம், அதற்கு மேல் விட்டுவைக்கக்கூடாது என்று இதய வைத்தியர் சொன்னார். அவர் அதிகம் பேசாத பெண். சொல்லவேண்டியதைச் சொன்னபின் நோயாளியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்துத்தான் யாகப்பருக்குத் தன் நெஞ்சு வருத்தத்தின் பாரதூரம் விளங்கியது.

இந்த வேலை நடக்கும் அறையில் வைத்தியர், தாதி, படம் பிடிப்பவர், எல்லோரும் கழுத்திலிருந்து முழங்கால்வரை ஈய அங்கி போட்டிருப்பார்கள். அங்கி போடாமல் இருப்பவர் ஒருவர்தான். அவர் மேசையில் படுத்திருப்பார். அந்த ஒருவரில் எவ்வளவு கதிர் பட்டது என்று யாராவது கணக்கெடுக்கவேண்டும் என்ற நியாயமான யோசனை ஒருகாலத்தில் ஒருவருக்கு வந்தது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த யோசனையிலிருந்து ‘நோயாளர் கதிரளவு மதிப்பீட்டுப் பிரிவு’ உண்டாகி, அதற்கு மூன்று மொழியில் ஒரு பெயர்ப்பலகையும், ஒரு குளிரூட்டியும், சீவரத்தினம் என்ற பொறுப்பதிகாரியும் கிடைத்தார்கள்.

அன்று காலை யாகப்பர் மேசையில் படுத்திருந்தபோது சீவரத்தினம் வந்து, தீப்பெட்டியில் பாதி அளவான கறுப்புப் பிளாஸ்ரிக் சதுரமொன்றைக் காட்டினார். அதில் 417 என்று பொறித்திருந்தது. இதுதான் கதிரளவி என்றார்.

“ஐயா, இந்த நிமிசத்திலையிருந்து நீங்கள் வெறும் நோயாளி இல்லை. நீங்கள் ஒரு தரவு. இதைத் தொலைக்கப்படாது, நனைக்கப்படாது, வெயிலிலை காட்டப்படாது, திறந்து பாக்கப்படாது. விளங்குதோ?”

அவர் இதைப் பத்து நிமிடம் விளக்கினார். வைத்தியர் கையுறை போட்ட கைகளை உயர்த்தியபடி காத்துநின்றார். கடைசியில் அளவியை யாகப்பரின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, பிளாஸ்ரரால் ஒட்டினார்கள்.

பிறகு தாதி சிவலட்சுமி, கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொன்னார்.

கழுத்தில் கிடந்தது உத்தரியம். இரண்டு சின்ன மண்ணிறத் துணித்துண்டுகள், ஒரு நூலில் கோத்தது, ஒன்றில் மாதாவின் படம் தைத்தது. சிறுவயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து யாகப்பர் அதைக் கழற்றியதில்லை. நைந்தால் புதியதை மந்திரித்துப் போட்ட பிறகுதான் பழையதை எடுப்பார். புயலிலும் இடம்பெயர்விலும் அது கழுத்தில் கிடந்தது.

“மிசி, இதோடை சாகிறவைக்கு நரகம் இல்லை எண்டது மாதா தந்த வாக்கு. நீங்கள் இதைக் கழட்டச் சொல்லிற நேரத்தை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.”

“இஞ்ச ஒருத்தரும் சாகிறேல்லை ஐயா.”

“முந்தநாள் என்ரை பக்கத்துக் கட்டிலிலை இருந்தவர்?”

“அவர் வேறை பிரிவு,” என்றார் சிவலட்சுமி. குரலில் கடுமை இல்லை. கிருமி வரும், சட்டம் அப்படி, பத்திரமாக உறையில் போட்டு வைக்கிறேன் என்றார். யாகப்பர் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தூக்கிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கழுத்து வெறுமையாக இருந்தது. வயர் உள்ளே போனதைவிட அதுதான் அவருக்குத் தெரிந்தது.

குழாய் வளைந்து முறுகிக் கிடந்ததால் வேலைக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அதற்கிடையில் சிவலட்சுமியின் நேரம் முடிந்து வேறொரு தாதி வந்தார். அவர் முதுகிலிருந்த அளவியை உரித்து உறையில் போட்டார். இப்போது தட்டில் இரண்டு மண்ணிற உறைகள் கிடந்தன. இரண்டிலும் யாகப்பரின் பெயரும் 417உம் ஒட்டியிருந்தன. ஒன்று நோயாளிக்கு, மற்றது தலைநகரத்து ஆய்வுகூடத்துக்கு. சரியாகப் போய்ச்சேர்வதற்கு ஐம்பது வீத வாய்ப்பு இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி மாக்கிறட் உறையைப் பிரித்தபோது உள்ளே உத்தரியம் இல்லை. கறுப்புச் சதுரம் இருந்தது. மாக்கிறட் திகைத்தார். யாகப்பர் திகைக்கவில்லை. சண்டைக்காலத்தில் கரைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்தால் இலக்கம் போட்ட ஒரு தகடு தருவார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகவேண்டும். திரும்பிவந்து தகட்டைக் கொடுத்தால்தான் அட்டை கிடைக்கும். தகட்டைத் தொலைத்தவன் பாடு என்னவென்று தாழ்வுபாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாகப்பருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“இது டோக்கன். ஆறு கிழமையாலை மற்ற அடைப்புக்குப் போகேக்கை இதைக் குடுத்தால் உத்தரியத்தைத் தருவினம். நான் திரும்பி வராமல் விட்டிடுவன் எண்டு பிணை எடுத்திருக்கினம்.”

“மாதாவையோ பிணை எடுத்தவை?” என்றார் மாக்கிறட்.

ஆனாலும் பழைய சட்டைத்துணியில் ஒரு சின்னப் பை தைத்து, அளவியை அதிலிட்டு, கணவரின் கழுத்தில் கட்டினார். நனைக்கக்கூடாது என்பதால் யாகப்பர் குளிக்கும் நேரமெல்லாம் அதைக் கையில் பிடித்தபடி கிணற்றுக்கு முதுகு காட்டி நின்றார். வெயிலில் காட்டக்கூடாது என்பதால் யாகப்பர் பகலில் வெளியே இறங்கவில்லை. எப்படியும் அவரால் இறங்கியிருக்க முடியாது. கோயிலுக்குப் போக மூன்று இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. இரண்டாவது குழாய் தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் கிழமை முதுகு சிவந்தது. தோள்பட்டைக்குக் கீழே, ஓர் உள்ளங்கையளவு, நாலு மூலையும் அளந்து வெட்டியதுபோல. முதலில் அரித்துக் கடித்தது, பிறகு எரிந்தது.

“சதுரமாய்ச் சொறி வாறதை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்,” என்றார் மாக்கிறட், தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு.

ஐந்தாம் கிழமை ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் முதுகில் பொருத்தப்பட்ட 417ஆம் இலக்க அளவி பரிசோதிக்கப்பட்டது. தாங்கள் பெற்ற கதிரளவு 0.00. இப்பெறுபேறு இப்பிரிவின் வரலாற்றில் முதன்மையானது. மனமார்ந்த வாழ்த்துக்கள். இதனைக் கருத்திற்கொண்டு, தங்களுக்கான இரண்டாவது சிகிச்சை மறு அறிவித்தல்வரை ஒத்திவைக்கப்படுகிறது.’

யாகப்பர் அதை இரண்டு முறை வாசித்தார். வாழ்த்து எதற்கு என்று விளங்கவில்லை. ஒத்திவைத்தது விளங்கியது.

எருக்கலம்பிட்டி அப்துல் றசாக் மீன் லொறி வைத்திருந்தார். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரைவிட்டு அனுப்பப்பட்டு இருபது வருடம் புத்தளத்து முகாமில் இருந்து திரும்பியவர். யாகப்பரின் மீனைப் போகமுன்னும் எடுத்தவர், திரும்பிவந்த பின்னும் எடுத்தவர். ஐஸ் பெட்டிகளுக்கு முன்னால் யாகப்பரை இருத்திக்கொண்டு, முருங்கன் தாண்டி நகரத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார்.

மதிப்பீட்டுப் பிரிவில் சீவரத்தினம் எழுந்துநின்று வரவேற்றார். இருக்கக் கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது. அரசாங்கக் கந்தோர்களில் தனக்கு யாரும் எழுந்து நின்றதை யாகப்பர் அறியமாட்டார். ஏதோ பெரிய பிழை நடந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்தது.

“நூற்றுக்கணக்கான முதுகை அளந்திட்டம் ஐயா,” என்றார் சீவரத்தினம். “ஒவ்வொண்டும் ஒவ்வொரு இலக்கம். சிலது சொல்ல வெக்கம். ஆனால் சைபர்? உலகத்திலை ஒருத்தரும் எடுக்கேல்லை. அடுத்த மாசம் தலைநகரத்திலையிருந்து குறைகதிர் விருதுக் குழு வருகுது. அதுவரைக்கும் அந்தச் சைபரை நாங்கள் காப்பாத்தவேணும். இப்ப உங்களை மேசையிலை ஏத்தினால் என்ன நடக்கும்? சைபர் பழுதாப்போம்.”

“நெஞ்சு அடைக்குது சேர். நடக்கேலாமல் இருக்கு.”

“நீங்கள் நடக்கத் தேவையில்லை. நாங்கள் வாகனம் அனுப்புவம்.”

யாகப்பர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். சீவரத்தினம் கண்ணாடியைச் சரிசெய்து, சிவப்புச் சதுரத்தைக் கவனமாகப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து அதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்தார். கோப்பு வென்றது. சைபர் அளவு வாங்கிய முதுகு சிவக்கமுடியாது, ஆகவே இது மூட்டைப்பூச்சி அல்லது பாய் என்று அவர் முடிவுசெய்து, பாயை மாற்றும்படி ஆலோசனை கூறி, அந்த ஆலோசனையையும் கோப்பில் எழுதிவைத்தார்.

யாகப்பர் கழுத்துப் பையிலிருந்து கறுப்புச் சதுரத்தை எடுத்து மேசையில் வைத்தார். டோக்கனைத் திருப்பித் தருகிறேன், உத்தரியத்தைத் தாருங்கள் என்றார். சீவரத்தினம் பதிவேட்டைப் புரட்டினார்.

“417 ஆய்வுகூடத்திலையிருந்து வந்து, அளவு பாத்து, பதிஞ்சு முடிஞ்சுது. ஒரு அளவி ரெண்டு இடத்திலை இருக்கேலாது. ஆகவே உங்கட்டை இருக்கிறது அளவி இல்லை. பத்திரமாய்க் கொண்டுபோங்கோ.”

அப்போதுதான் யாகப்பர் சுவரோரக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். நீல வெல்வெற் துணிமேல், ‘417 — உலகின் முதற் சைபர்’ என்ற அட்டைக்குக் கீழே, அவருடைய உத்தரியம் கிடந்தது. ஓர் ஓரம் கருகியிருந்தது. அளவிகளைச் சூடாக்கித்தான் உள்ளிருக்கும் இலக்கத்தை வாசிப்பார்கள். ஆய்வுகூடமும் தன் கடமையைச் செய்திருந்தது. அதன் அறிக்கையும் பக்கத்தில் மாட்டியிருந்தது: ‘அனுப்பப்பட்ட அளவி துணியாலானது. சூடாக்கியபோது கதிர் எதுவும் வெளிப்படவில்லை. ஓரம் சிறிது எரிந்தது. அளவு 0.00.’

அது தன்னுடையது என்று யாகப்பர் சொன்னார். அது அரச சொத்து என்று சீவரத்தினம் அன்பாகச் சொன்னார்.

வெளியே விறாந்தையில் இதய வைத்தியர் எதிரே வந்தார். யாகப்பரின் மூச்சைக் கேட்டவுடன் நின்றுவிட்டார். ஒன்பதாம் படிவத்தில் சீவரத்தினத்தின் கையொப்பம் இல்லாமல் தன்னால் எதுவும் செய்யமுடியாது என்றார். ஏழு கடிதம் எழுதியிருக்கிறாராம்.

“உங்களுக்கு வருத்தம் வந்து விழுந்தால் கையொப்பம் இல்லாமல் செய்யலாம்,” என்றார். “விழாமல் காப்பாத்திறதுக்குத்தான் கையொப்பம் வேணும்.” பிறகு வழக்கம்போல யாகப்பரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்துல் றசாக்தான் இருமினார்.

அடுத்து நடந்ததைத் தாழ்வுபாட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சைபரின் பாதுகாப்பை உறுதிசெய்வதற்காகச் சீவரத்தினமும் இரண்டு உதவியாளர்களும் ஒரு கருவியோடு யாகப்பரின் வீட்டுக்கு வந்தார்கள். காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கதிர்வீச்சை மோப்பம் பிடிக்கும் கருவி அது. உலகத்தில் எங்கே வைத்தாலும் கொஞ்சம் ‘டிக் டிக்’ என்னும். கடற்கரையின் கறுப்பு மணலில் வைத்தபோது கொஞ்சம் கூடச் சொன்னது. சீவரத்தினம் இரண்டடி பின்வாங்கினார். யாகப்பர் இனி மணலில் கால்வைக்கக்கூடாது என்று அந்த இடத்திலேயே உத்தரவானது. வாசலிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து கக்கூசுக்கும் பலகை போட்டார்கள். கருவாடு காயவைத்திருந்த பெண்கள் பலகையில் நடக்கும் யாகப்பரைப் பார்த்துவிட்டு, மனுசனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன பட்டம் கொடுத்தவை என்று மாக்கிறட்டைக் கேட்டார்கள். கருவி யாகப்பரின் நெஞ்சுக்குக் கிட்ட வந்தபோது, பைக்குள் இருந்த உண்மையான 417 எதுவும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் அதற்கில்லை. அது கேட்டு வைத்துக்கொள்ளும் சாதி.

அவர்கள் போனபின் மாக்கிறட் பலகையில் குந்தியிருந்து அழுதார். விருது விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரை இந்த மனுசன் இருப்பாரா என்பதுதான் அவருடைய கேள்வி. அதை அளக்க யாரும் கருவி கொண்டுவரவில்லை. நாலு பேரிடம் போய் உண்மையை உடைத்துச் சொல்லுங்கோ, உங்கட பெட்டியிலை கிடக்கிறது எங்கட உத்தரியம் எண்டு பத்திரிகைக்காரருக்கும் சொல்லுங்கோ என்றார். அப்போது அப்துல் றசாக் அங்கே இருந்தார்.

“அது செய்யாதீங்க தங்கச்சி,” என்றார். “நான் இருவது வருசம் முகாமில இருந்து நிவாரணப் போம் நிரப்பின ஆள். பிழை எண்டு சொன்னா விசாரணை வைப்பாங்க. விசாரணை முடிய ரெண்டு வருசம். அண்ணனுக்கு அவ்வளவு நேரமில்ல. கந்தோருக்கு ஆசையான ஒண்டக் கேளுங்க. அத அவங்களே ஓடிவந்து தருவாங்க.”

விழாவில் என்ன கேட்கவேண்டும் என்று றசாக் சொல்லிக்கொடுத்ததை யாகப்பர் பன்னிரண்டு நாளும் மனப்பாடம் செய்தார்.

விழா மண்டபத்தில் வாழை கட்டியிருந்தது. குத்துவிளக்கு, கடிக்கப் பட்டிஸ், மூன்று மொழியில் வரவேற்பு. மேடையில் விருதுக் குழுத் தலைவருக்கும் சீவரத்தினத்துக்கும் நடுவில் யாகப்பரை இருத்தியிருந்தார்கள். அவர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் உத்தரியம். முன்வரிசையில் இருந்த மாக்கிறட் அதைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டார். விஞ்ஞானத்துக்குப் பொதுமக்கள் காட்டும் மரியாதை என்று சீவரத்தினம் அதைத் தலைவருக்குச் சுட்டிக்காட்டினார்.

தலைவர் பெட்டியைக் குனிந்து பார்த்து, இது என்ன வகை அளவி என்று கேட்டார். புதிய வகை, துணியாலானது, நோயாளிக்குச் சுகம், பற்றரி தேவையில்லை என்று பதில் வந்தது. அதிலிருக்கும் படம்?

“உற்பத்தியாளற்றை அடையாளம், சேர்.”

பிறகு சீவரத்தினம் நாற்பது நிமிடம் உரையாற்றினார். அதில் ஒரு பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

“இந்த ஆஸ்பத்திரியிலை எத்தினையோ இருதயத்தைத் திருத்தியிருக்கினம். அதுக்கு ஒரு விருதும் கிடைக்கேல்லை. நாங்கள் அளக்கத் தொடங்கினம். முதல் வருசம் அளவெல்லாம் கூடவாய் வந்தது. அளவைக் குறைக்கிறதெண்டால் வைத்தியர் வேலைசெய்யிற விதத்தை மாத்தவேணும் எண்டு சிலர் சொல்லிச்சினம். அது எங்கட பிரிவின்ரை வேலை இல்லை. நாங்கள் நல்ல அளவிக்காகப் பொறுமையாய்க் காத்திருந்தம். வந்தது.”

கைதட்டினார்கள். வாசலில் நின்ற இதய வைத்தியர் தட்டவில்லை. அவருடைய கைகள் வெள்ளை அங்கியின் பைகளுக்குள் இருந்தன.

கடைசியில் நோயாளியும் நாலு வார்த்தை பேசவேண்டும் என்றார்கள். யாகப்பர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூச்சு வந்து சேரும்வரை காத்துநின்றார். அதைப் பணிவு என்று சபை எடுத்துக்கொண்டது.

“எனக்குப் பேசத் தெரியாது. ஒருக்கா சைபர் வந்தால் அது யாகப்பற்றை அதிட்டம் எண்டு மற்ற ஆஸ்பத்திரிக்காரர் சொல்லுவினம். ரெண்டாம் தரமும் வந்தால் ஒருத்தரும் வாய் திறக்கேலாது. எனக்கு இன்னொரு அடைப்பு இருக்குது. இதே அளவியைக் கட்டி, இதே மேசையிலை, நாளைக்கே செய்து பாருங்கோ.”

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி கதிரையில் இருந்தார்.

குழுத் தலைவர் சீவரத்தினத்தின் பக்கம் திரும்பினார். இரண்டாவது சைபர் இல்லாமல் விருதை இறுதிசெய்வது கடினம் என்று தானும் நினைத்ததாக அவர் சொன்னார். உண்மையில் அப்போதுதான் நினைத்தார். சீவரத்தினத்தின் முகத்தில் கவலையும் பேராசையும் சிறிது நேரம் போட்டியிட்டன. பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். ஏழு கடிதத்துக்கு அசையாத ஒன்பதாம் படிவம் பட்டிஸ் தட்டின் பக்கத்தில் வைத்துக் கையொப்பமானது.

மறுநாள் காலை மேசையில் கிடந்த யாகப்பரிடம் தாதி சிவலட்சுமி வந்தார். கையில் கண்ணாடிப் பெட்டி. பெட்டியில் இருப்பது என்னவென்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அலுமாரியில் அந்தத் துணியைக் கண்ட அன்றே உறை மாறிப்போனது விளங்கிவிட்டது. சொன்னால் தவறு அறிக்கை, விளக்கக் கடிதம், இடமாற்றம். சொல்லவில்லை. இப்போது பெட்டியைத் திறந்து உத்தரியத்தை எடுத்து, தன் கையாலேயே யாகப்பரின் கழுத்தில் போட்டு, ஒரு துண்டு முதுகிலும் ஒரு துண்டு நெஞ்சிலும் சரியாகப் படியும்படி நூலை இழுத்துவிட்டார்.

“கழட்டவேணுமோ மிசி?”

“கழட்டப்படாது ஐயா. மேலிடத்து உத்தரவு.”

யாகப்பருக்கு அழுகை வந்தது. நோவுதா என்று சிவலட்சுமி கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

வைத்தியர் வந்து முதலில் அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தார். சிவப்புச் சதுரம் இப்போது மண்ணிறமாகித் தோல் உரிந்திருந்தது. எப்போது வந்தது என்று கேட்டார். முதல் தடவை செய்து மூன்றாம் கிழமை என்றார் யாகப்பர். வைத்தியர் அதன்மேல் விரலை வைத்து, நாலு ஓரமும் தடவிப்பார்த்தார். எக்ஸ்றே விழுந்த இடத்தின் அளவும் அதுதான். பிறகு அவர் அறையில் இருந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னார். படக்கருவியை மற்றப் பக்கத்துக்குத் திருப்பவேண்டும், அந்தச் சதுரத்தில் இன்று எதுவும் படக்கூடாது, தேவையான நேரத்துக்கு மட்டும் எக்ஸ்றே மிதியை அழுத்தவேண்டும், மற்ற நேரம் காலை எடுத்துவிடவேண்டும்.

உத்தரியத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்.

“அளவி டொக்டர்,” என்றார் சிவலட்சுமி.

வைத்தியர் மாதாவின் படத்தைப் பார்த்தார். சிவலட்சுமியைப் பார்த்தார். “சரி,” என்றார்.

ஐம்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. இரண்டாவது குழாயில் இரத்தம் ஓடுவதைத் திரையில் யாகப்பருக்கும் காட்டினார்கள். மழைக்காலத்தில் வாய்க்கால் திறந்ததுபோலிருந்தது.

இந்தத் தடவை சிவலட்சுமி தன் நேரம் முடிந்தபிறகும் போகவில்லை. உறை ஒன்றுதான் வைத்தார். வார்ட்டுப் போர்வையின் மண்ணிற ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் வெட்டி, உறைக்குள் போட்டு, 417 என்று ஒட்டி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். உத்தரியம் யாகப்பரின் கழுத்திலேயே கிடந்தது.

போகும்போது யாகப்பர் மதிப்பீட்டுப் பிரிவுக்குப் போனார். பொருள் திரும்பக் கிடைத்தபின் டோக்கனை வைத்திருப்பது முறையல்ல. கறுப்புச் சதுரத்தைக் கொடுத்தார். சீவரத்தினம் பதிவேட்டைப் பார்த்தார். 417 ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தது. ஆகவே இது அது அல்ல. எடுக்க மறுத்துவிட்டார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. 0.00. இனிமேல் அந்த ஆஸ்பத்திரியில் எல்லா நோயாளிகளுக்கும் துணி அளவிகளே பயன்படுத்தப்படும் என்றும், ஐந்நூறு அளவிகளை வாங்குவதற்கான கேள்விமனு கோரப்பட்டுள்ளதென்றும், நிறம் மண்ணிறமாக இருத்தல் வேண்டுமென்றும் கீழே குறித்திருந்தது. கருகிய ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்த மாக்கிறட் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஐந்நூறையும் கோயிலிலே மந்திரித்துக் கொடுப்பார்களா என்று கேட்டார். அதுபற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

முதுகில் சதுரம் மட்டும் நின்றது. கறுத்து, மயிர் முளைக்காமல், ஒரு முத்திரைபோல. வைத்தியர் மூன்று மாதத்துக்கு ஒருதரம் வரச்சொல்லி அதைத் தானே பார்த்தார். ஓர் அடிமட்டத்தை வைத்து அளந்து, தன்னுடைய சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். அந்தக் கொப்பிக்கு இலக்கம் கிடையாது.

ஆவணி பிறந்து இரண்டாம் நாள் யாகப்பர் மறுபடி கடலுக்குப் போனார். பலகைகளை அடுப்புக்கு வெட்டியாயிற்று. மணலில் வெறுங்காலோடு நடந்து, எங்கும் நிற்காமல், வள்ளத்தடிக்கு வந்தார். கரையிலிருந்த காவற்கொட்டிலில் புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் அனுமதி அட்டை கேட்டான். யாகப்பரின் அட்டை வருத்தக்காலத்தில் முடிந்துபோயிருந்தது. புதுப்பிப்பதற்கு ஒரு படிவம், அதற்கு இரண்டு கிழமை. மடியில் தேடினார். பிறகு கழுத்திலிருந்த சின்னப் பையைக் கழற்றி, உள்ளிருந்ததை எடுத்து நீட்டினார்.

சிப்பாய் கறுப்புச் சதுரத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். கொப்பியில் 417 என்று எழுதினான். திருப்பிக் கொடுத்து, போகலாம் என்று தலையை அசைத்தான்.

யாகப்பர் வள்ளத்தில் ஏறினார். உத்தரியத்தையும் அளவியையும் சட்டைக்குள் தள்ளினார். முதல் அலை இரண்டையும் நனைத்தது.